‘எல்லாம் டிரைவ்ல இருக்குண்ணே’

கே.கே. நகர் மாடி அறையில் உட்கார்ந்து ஒரு மாணவத் தோழர் இப்படித்தான் சொன்னார். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் ஒன்றுமில்லை. செல்போனில் இடமில்லையென்று யாரோ படங்களை அழித்திருக்கிறார். பொதுக் கோப்புறை ஒத்திசைந்தது. நாலு மெஷினிலும் ஒழுங்காக அழிந்தது. குப்பைத்தொட்டியின் கெடுவும் முடிந்துபோச்சு. உண்மை அறியும் குழுவாகப் போய் எடுத்த படங்கள், பெண்கள் அழுதுகொண்டே சொன்ன வாக்குமூலங்கள். அந்தச் சேரிக்கு இனி எந்த முகத்தோடு போவது?

1981-ல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தான், சுமார் 97,000 நூல்கள். எரிச்சவன் மேல கோபம் வருது. தொலைச்ச நம்ம மேல ஏன் வரல? அயோத்திதாசர் 1907-ல் தொடங்கிய ‘தமிழன்’ எழுத்துகள் 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த பிறகுதான் பரவலாகக் கிடைத்தன. அதுவும் அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய பிரதிகளைக் கட்டிக் காத்ததால்.

ஒத்திசைவு வேறு, காப்புப்பிரதி வேறு தோழர்களே. இங்கே அழித்தால் அங்கேயும் அழிவது காப்பு அல்ல.

கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொன்னால், “அதெல்லாம் ஐஐடிக்காரன் வேலைண்ணே” என்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்த பயம் இது? ‘ஆர்சிங்க்’ என்ற கருவியை 1996-ல் ஆஸ்திரேலியாவில் டிரிட்ஜெல், மெக்கராஸ் என்ற இருவர் எழுதி வெளியிட்டார்கள். காசு கேட்காது, சாதிச் சான்றிதழும் கேட்காது. பெயர், ‘மைனஸ் ஏ’, எங்கிருந்து, எங்கே: அவ்வளவுதான் கட்டளை. புதுசையும் மாறினதையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். கூடவே ‘மைனஸ் என்’ போட்டால் எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

‘டெலீட்’ என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் இங்கே இல்லாததை அங்கேயும் துடைத்துவிடும். கெட்டுப்போன கோப்பு நல்லதன் மேல் ஏறும் ஆபத்தும் உண்டு. ‘பேக்கப்’, ‘பேக்கப் டிர்’ இரண்டையும் சேர்த்துத் தேதியிட்ட கோப்புறையைக் காட்டினால் பழையதை அங்கே ஒதுக்கிவைக்கும். விண்டோஸ்காரர்களுக்கு ‘ரோபோகாப்பி’ இருக்கிறது. அதில் ‘மிர்’ போட்டால் அதே துடைப்புத்தான்.

பேனருக்கும் மைக் செட்டுக்கும் வசூல் செய்கிறோம், இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கக் கை வரமாட்டேங்குது. வாங்கினாலும் அதே மேசையில் வைக்கிறோம். திருடனோ போலீசோ வந்தால் இரண்டையும் சேர்த்துத்தானே தூக்குவான்? ஒன்று ஸ்ரீரங்கத்துல ஒரு தோழர் வீட்டில் இருக்கட்டும்.

வர்ற ஞாயிறு டிஸ்க்கோட நான் வர்றேன். மெஷினைத் திறந்து வைங்க.