தோற்பதற்காவது ஒரு களம் கொடுங்கள்!

41-9.

இது கிரிக்கெட் கணக்கல்ல, கபடிக் கணக்குமல்ல. 2021 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டில் நடந்த உலகப் பெண்கள் ஹேண்ட்பால் போட்டியில், முதல் சுற்றுப் பிரிவு ஆட்டமொன்றின் முடிவு. நார்வேப் பெண்கள் 41 கோல் போட்டார்கள். ஈரான் பெண்கள் 9 கோல் போட்டார்கள். அதே பிரிவில் ருமேனியாவிடமும் ஈரான் 39-11 என்று தோற்றது.

ஹேண்ட்பால் என்பதைத் தமிழில் கைப்பந்து என்று எழுதினால் நம்மவர்கள் வாலிபாலை நினைத்துக் கொள்வார்கள். ஆகவே ஆட்டத்தை இரண்டு வரியில் சொல்லி விடுகிறோம். பக்கத்துக்கு ஏழு பேர். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள களம். பந்தைக் கையால் எறிந்து கோல் போட வேண்டும். பந்தைப் பிடித்துக் கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்கக் கூடாது, மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. கோல் வாய் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். அதன் முன்னே ஒரே ஒருத்தி நிற்பாள். ஒரு மணி நேர ஆட்டத்தில் 41 கோல் என்றால், ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை பந்து அவளைத் தாண்டிப் போயிருக்கிறது என்று பொருள்.

இப்படிப்பட்ட கணக்கு வந்தவுடனே ஒரு கூட்டம் கேட்கும்: "இவர்களை எதற்கு விமானம் ஏற்றி அனுப்பினார்கள்? பலம் உள்ளவர்கள் மட்டும் ஆடினால் போதாதா?" இந்தக் கேள்விக்குத்தான் இந்த மாதம் பதில் சொல்ல வந்திருக்கிறோம். ஸ்பெயினுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சம்பந்தம் இருக்கிறது. கடைசியில் அது நம் வாசலுக்கே வந்து நிற்கும்.

அந்தப் போட்டியின் ஏற்பாட்டை முதலில் பாருங்கள். அதற்கு முன்பெல்லாம் 24 நாடுகள்தான் ஆடின. 2021-இல் அதை 32 ஆக்கினார்கள். பிரிவுக்கு நான்கு நாடு, எட்டுப் பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று நாடுகள் அடுத்த சுற்றுக்குப் போகும். கடைசியில் வந்த நாட்டையும் மூட்டை கட்டி அனுப்பிவிடவில்லை. எட்டுப் பிரிவிலும் கடைசியில் வந்த எட்டு நாடுகளுக்கென்று தனியாக ஒரு கோப்பை வைத்து, மேற்கொண்டும் ஆட வைத்தார்கள். ஈரான் பெண்கள் உலகப் போட்டிக்குள் முதன்முதலாக நுழைந்தது அந்த ஆண்டுதான். 24 நாடு என்ற பழைய கதவு அப்படியே இருந்திருந்தால் அவர்கள் இன்னும் வெளியேதான் நின்றிருக்கக் கூடும்.

எட்டு நாடுகளுக்குக் கூடுதலாக இடம் கொடுத்ததைத்தான் சிலர் வீண் செலவு என்கிறார்கள். நமக்கு இந்தக் குரல் புதிதா? ஜி.டி. எக்ஸ்பிரசில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஊருக்குப் போய் வந்தவர்கள் நாம். முன்னாலேயே ஏறி உட்கார்ந்து விட்டவன்தான், வாசலில் தொங்குகிறவனைப் பார்த்து "இடமில்லை, வேறு பெட்டிக்குப் போ" என்பான். அவனும் முந்தைய ஸ்டேஷனில் தொங்கிக்கொண்டு வந்தவன்தான். உட்கார்ந்ததும் அது மறந்து போகிறது!

விளையாட்டிலும் இதே கதைதான். பெண்கள் ஹேண்ட்பால் உலகப் போட்டி 1957-இல் தொடங்கியது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஐரோப்பிய நாடுகளே பட்டத்தை மாற்றி மாற்றி வைத்துக் கொண்டன. ஐரோப்பியப் பெண்களின் உயரத்துக்கும் தோளுக்கும் ஏற்ற ஆட்டம் இது, மற்றவர்களுக்குச் சரிப்படாது என்றால் அன்று யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். தென்கொரியப் பெண்கள் 1988-இலும் 1992-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். 1995-இல் உலகப் பட்டத்தையும் வாங்கினார்கள். 2013-இல் பிரேசில் பெண்கள், செர்பியாவை அதன் தலைநகரிலேயே இறுதி ஆட்டத்தில் தோற்கடித்துப் பட்டம் பெற்றார்கள். உயரம் எங்கே போயிற்று? தோள் எங்கே போயிற்று? களம் கிடைத்தது, ஆட்டம் கிடைத்தது, பயிற்சி கிடைத்தது. வென்றார்கள்.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 32 கோல் வித்தியாசத்தில் தோற்பது சுகமான காரியமல்ல. களத்தில் நிற்கும் பெண்ணுக்கு அது வலிக்கும். ஆனால் அந்த வலிக்கு மருந்து என்ன? ஆட்டத்தை நிறுத்துவதா, ஆட்டத்தை அதிகமாக்குவதா? ஆண்டு முழுவதும் பலசாலிகளோடு ஆட வாய்ப்புள்ள நாடு ஒரு பக்கம். உலகப் போட்டியில்தான் முதன்முதலாக அவர்களைக் கண்ணால் பார்க்கிற நாடு இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டு, லேசான தட்டைப் பார்த்துச் சிரிப்பவன் தராசு பிடிக்கத் தெரியாதவன்.

அந்தப் பிரிவு ஆட்டங்களில் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். பெரிய வித்தியாசத்தில் தோற்ற ஈரான் அணியின் கோல்காப்பாளர் ஃபாத்திமே கலீலிக்கு ஆட்டநாயகி விருது கொடுத்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் அந்தப் பெண் களத்திலேயே அழுதுவிட்டாள். அத்தனை கோல் விட்டவளுக்கு விருதா என்று சிரிக்கலாம். அவள் விட்ட பந்துகளைப் பலகையில் எழுதினார்கள். அவள் தடுத்த பந்துகளை எந்தப் பலகையில் எழுதினார்கள்? நம் தாய்மார்களின் கணக்கும் இப்படித்தான். குழம்பில் உப்பு கூடிய நாள் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

உடை விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஈரானின் சட்டப்படி அந்தப் பெண்கள் தலையையும் கைகால்களையும் மூடிக்கொண்டு ஆடினார்கள். அதே 2021-இல், ஜூலை மாதம், பல்கேரியாவில் நடந்த ஐரோப்பியக் கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில், நார்வேப் பெண்கள் நீச்சலுடைக்குப் பதிலாக அரைக்கால் சட்டை போட்டு ஆடியதற்காக 1500 யூரோ அபராதம் விதித்தார்கள். ஊர் சிரித்த பிறகு விதியை மாற்றினார்கள். ஒருத்தியை மூடு என்கிறான். இன்னொருத்தியைத் திற என்கிறான். இருவரும் பெண்ணின் உடம்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவள் கையிலுள்ள பந்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், ஆசியப் பெண்கள் ஹேண்ட்பால் போட்டி இதே டில்லியில், இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கில் நடந்தது. எட்டு நாடுகள். முதல் நான்கு இடத்தில் வந்தால் 2025 உலகப் போட்டிக்குச் சீட்டு. ஜப்பான் பட்டம் வென்றது. தென்கொரியா, கஜகஸ்தான் அடுத்தடுத்து வந்தன. நான்காவது சீட்டை வாங்கிக்கொண்டு போனது யார்? 41-9 என்று ஊர் சிரித்த அதே ஈரான்! சொந்த மண், சொந்தக் கூட்டம், 140 கோடி மக்கள் உள்ள இந்தியாவுக்கு அந்த நான்கில் இடமில்லை. ஸ்பெயினில் தோற்கப் போனவர்கள் டில்லியில் ஜெயித்தார்கள். எதை வீண் செலவு என்றார்களோ அதுதான் முதலீடாக இருந்திருக்கிறது.

நம் பெண்களுக்குத் திறமை இல்லையா? 2022-இல் அல்மாட்டி நகரில் ஆசிய ஜூனியர் பெண்கள் பட்டத்தை வென்றது இந்தியப் பெண்கள்தான். திறமை இருக்கிறது. பெரியவர்கள் ஆகிற வயதில் அந்தத் திறமை எங்கே காணாமல் போகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை விளையாட்டரங்கத்தில் இல்லை. நம் வீடுகளில் இருக்கிறது.

அதற்கு முன் அந்த அரங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1982 ஆசிய விளையாட்டுக்காக எழுந்த கட்டிடங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆசியாட் கட்டுமான வேலைகளுக்குப் பிற மாநிலங்களிலிருந்து ஏழைத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஜமாதார்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் தரகு பிடித்துக் கொண்டார்கள். பெண்களுக்கு 7 ரூபாய்தான் கொடுத்தார்கள் என்று வழக்குப் போயிற்று. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் 1982 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. புலம்பெயர்ந்த தொழிலாளர்களான நாம் மறக்கக் கூடாத தீர்ப்பு அது. விளையாட்டரங்குக்குச் செங்கல் சுமக்கப் பெண் வேண்டும். அதில் பந்து எறிய மட்டும் பெண் வேண்டாமா?

இப்போது நம் வாசலுக்கு வந்துவிட்டோம்.

நம் குடியிருப்புகளில் மாலை ஐந்து மணிக்கு மைதானம் யாருடையது? பையன்களுடையது. ஐந்து ஸ்டம்பு வரிசை நட்டு ஐந்து கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். பெண்பிள்ளைகள் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துவிட்டுச் சுவரோரம் நிற்பார்கள். பந்து தங்கள் பக்கம் உருண்டு வந்தால் எடுத்துப் போடுவார்கள். அந்த எறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கைகளில் என்ன இருக்கிறது என்று.

சங்கத்தில் ஒரு தோழரிடம் இதைச் சொன்னோம். அவருக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள் இருக்கிறாள்.

"அண்ணே, பொட்டப்புள்ள பந்து எறிஞ்சு என்ன ஆவப்போவுது? கால் கை உடைஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவான்?" என்றார்.

"தம்பி, பத்தாவது மாடியில சாரத்துல நின்னு நீ பெயின்ட் அடிக்கிறே. உன் காலு கையி உடையாதா? அதுக்காக வேலைக்குப் போகாம இருக்கியா?" என்று கேட்டோம்.

"அது சோறு போடுது அண்ணே."

"இதுவும் போடும்" என்றோம்.

போடும். நாங்கள் ரயில்வேயில் வேலை செய்கிறவர்கள், கண்ணால் பார்த்துச் சொல்கிறோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலைக்கு வந்த பெண்கள் எத்தனையோ பேர். தேசிய ஹேண்ட்பால் போட்டிகளில் பலமுறை பட்டம் வென்றது ரயில்வேப் பெண்கள் அணி. அந்தப் பெண்களும் அரண்மனையில் பிறந்தவர்களல்ல.

மகளை அடக்கி வைக்கிற தகப்பனை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மாட்டோம். நம் சங்கத்தையே கேட்கிறோம். ஆண்டுதோறும் பொங்கல் விளையாட்டு விழா நடத்துகிறோமே, அதில் ஆண்களுக்குக் கபடி, கிரிக்கெட், கயிறு இழுத்தல். பெண்களுக்கு? கோலப் போட்டியும் கரண்டியில் எலுமிச்சம்பழ ஓட்டமும்! மேடையில் பெண் விடுதலை பேசுகிறோம். மைதானத்தில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து அனுப்புகிறோம். நோட்டீஸ் அச்சடித்தவர்கள் நாங்கள்தான். வசூல் செய்தவர்களும் நாங்கள்தான். ஆகவே வெட்கமும் எங்களுடையதுதான்.

"பெண்கள் அணி கட்டினால் பத்துப் பேர்கூட வரமாட்டார்கள். வந்தாலும் முதல் ஆட்டத்திலேயே முப்பது கோல் வாங்குவார்கள்" என்று போன செயற்குழுவில் ஒருவர் சொன்னார். வாங்கட்டுமே! ஸ்பெயினில் வாங்கவில்லையா? சுமார் 56 ஆயிரம் பேர் மட்டுமே வாழும் பனிநாடு கிரீன்லாந்து. நம் பேட்டை ஒன்றுக்குள் அடங்கிவிடும் ஜனத்தொகை. அந்த நாட்டுப் பெண்கள் 2023 உலகப் போட்டியில் ஆடினார்கள், பிரிவு ஆட்டங்களில் தோற்றார்கள், தலைநிமிர்ந்து ஊர் திரும்பினார்கள். தோல்விக்குப் பயந்து களத்தைப் பூட்டுகிறவன், வெற்றியையும் சேர்த்துத்தான் பூட்டுகிறான்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. வரும் பொங்கல் விழாவில் பெண்கள் ஹேண்ட்பால் ஆட்டம் நடத்த வேண்டும். இப்போதிருந்தே வாரத்தில் மூன்று மாலை, ஐந்திலிருந்து ஆறரை மணி வரை, மைதானத்தில் பாதியைப் பெண்பிள்ளைகளுக்கு விட வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர்க் குடத்தைத் தம்பிமார்கள் தூக்க வேண்டும். கோல் கம்பத்துக்கு எந்த இலாகாவுக்கும் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. 3 மீட்டருக்கு 2 மீட்டர் இரும்புச் சட்டம்தானே? நம் சங்கத்தில் வெல்டர்கள் இல்லையா? ஊரானுக்கெல்லாம் கேட்டும் கிராதியும் அடித்துக் கொடுத்த கைகள், சொந்த மகளுக்கு ஒரு கோல் கம்பம் அடித்துக் கொடுக்கக் கூடாதா? கோடு போடச் சுண்ணாம்பு போதும். பந்துக்கான பணத்தை எலுமிச்சம்பழச் செலவில் பிடித்துக் கொள்ளலாம்.

தாய்மார்களே, தோழர்களே! அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இது தீர்மானமாக வருகிறது. கை தூக்க ஆண்கள் மட்டும் வராதீர்கள். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவளைக் கேட்டுவிட்டுக் கை தூக்குங்கள்.

நம் பெண்கள் 41-9 என்று தோற்கட்டும். அந்த 9 கோலையும் நாம் எண்ணுவோம். இன்று நாம் கேட்பது கோப்பையல்ல, தோற்பதற்கு ஒரு களம்!