எவோரா: மதிலுக்குள் ஓராண்டு

போர்ச்சுகலின் தென்பகுதியில், கார்க் மரங்களும் கோதுமை வயல்களும் பரந்து கிடக்கும் அலென்தேஜோ சமவெளியில் இருக்கிறது எவோரா. ரோமானியர் எழுப்பிய கோயிலின் தூண்கள், 1559இல் இயேசு சபையார் தொடங்கிய பல்கலைக்கழகம், பதினாறாம் நூற்றாண்டில் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த உயர்ந்த கல்வாய்க்கால் எல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வாய்க்காலைத் தாங்கும் வளைவுகளுக்கு அடியில் சுவர் எழுப்பி வீடுகளும் கடைகளும் வைத்திருக்கிறார்கள். நகராட்சி எல்லை முழுவதையும் சேர்த்தாலும் மக்கள்தொகை ஏறத்தாழ 53,000தான். இந்த ஊர்தான் 2027ஆம் ஆண்டு முழுவதும் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருக்கப்போகிறது.

2022 டிசம்பரில், அவெய்ரோ, பிராகா, பொன்டா டெல்காடா ஆகிய மூன்று நகரங்களோடு போட்டியிட்டு இந்தப் பட்டத்தை எவோரா வென்றது. அவசரமில்லாமல் வாழ்வதையே தன் விண்ணப்பத்தின் மையக் கருத்தாக வைத்திருந்தது. கோடை வெயிலில் நடுப்பகல் தெருவே ஓய்ந்துவிடும் ஒரு நிலத்திலிருந்து வந்ததால் அந்தக் கருத்தில் பாசாங்கு இல்லை.

ஆனால் அப்படி வாழ மதிலுக்குள் ஆட்கள் வேண்டும். 1986இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த அந்தப் பழைய நகரில் ஒரு காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் குடியிருந்தனர். இன்று ஐயாயிரம் பேர்கூட இல்லை. 1974 புரட்சிக்குப் பின், 1977 முதல் கட்டடக் கலைஞர் அல்வாரோ சிசா மதிலுக்கு வெளியே மேற்குப் புறத்தில் மலகெய்ரா குடியிருப்பை எழுப்பினார். சுமார் 1,200 வெள்ளை வீடுகள். தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் அவற்றுக்கு மேலே கான்கிரீட் வாய்க்காலில் ஓடுகின்றன. பழைய கல்வாய்க்காலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஏழைகளின் வீட்டுக்காகப் புதிதாக யோசித்த வேலை அது. விழா ஆண்டில் விருந்தாளிகளை ரோமானியக் கோயிலோடு திருப்பி அனுப்பிவிடாமல் மலகெய்ராவுக்கும் அழைத்துப்போக வேண்டும்.

எவோராவின் உண்மையான செல்வம் கார்சியா டி ரெசென்டே அரங்கில் இருக்கிறது. 1892இல் திறந்த அந்த நாடக அரங்கில் செயல்படும் குழு, ‘பொனெகோஸ் டி சான்டோ அலெய்ஷோ’ என்ற பொம்மலாட்டத்தை இன்றும் நடத்துகிறது. மரத்திலும் கார்க்கிலும் செய்த சிறு பாவைகள். மேலிருந்து கம்பியால் ஆட்டுவார்கள். எண்ணெய் விளக்கு வெளிச்சம். ஊர் ஊராகச் சுற்றிய நாடோடிக் கலைஞர்களின் ஆட்டம் இது. வழிவழியாக வந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான அன்டோனியோ டாலின்யாஸ் தம் வித்தையை இளம் நடிகர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்காவிட்டால் பொம்மைகள் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும், ஆட்டம் அவரோடு போயிருக்கும். தோல்பாவைக் கூத்தர்களின் நிலையை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1987 முதல் எவோராவில் சர்வதேசப் பொம்மலாட்ட விழாவும் நடந்துவருகிறது.

சுற்றுப்புற ஊர்களிலும் இப்படிப்பட்ட மரபுகள் உண்டு. அல்காசொவாஸில் மாட்டுக்கு மணி செய்யும் தொழில் 2015இல் யுனெஸ்கோவின் ‘உடனடிப் பாதுகாப்பு தேவை’ப் பட்டியலில் சேர்ந்தது. கருவியிசை இல்லாமல் பலர் கூடிப் பாடும் கான்தே, அதற்கு முந்தைய ஆண்டே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. எவோரா மாவட்டத்து விலா விசோசாவோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு: 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலைத் தமிழில் தந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகள் பிறந்த ஊர் அது.

இதே பட்டத்தை 2001இல் போர்த்தோ நகரம் ஏற்றிருந்தது. அந்த ஆண்டுக்கெனத் திட்டமிட்ட இசை அரங்கு 2005இல்தான் திறந்தது. அன்று அது பெரிய தலைகுனிவாக இருந்திருக்கும்; இன்று நகரின் இசை வாழ்வே அதைச் சுற்றி நடக்கிறது. கட்டடம் தாமதித்தால் பொறுத்துக்கொள்ளலாம். மணி செய்பவரின் பட்டறையில் பயில வரும் இளைஞருக்கான உதவித்தொகையும், மதிலுக்குள் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பழுதுபார்த்துக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடும் ஏற்பாடும் தாமதிக்கக் கூடாது. எவோராவின் பணத்தில் முதல் பங்கு இந்த இரண்டுக்கும் போக வேண்டும். வெளிநாட்டு இசைக்குழுக்களுக்கான ஒப்பந்தங்கள் அதற்குப் பிறகு வரட்டும்.