நடுப்பெயர் யாருடையது?

மும்பையின் தாராவி, மாதுங்கா, செம்பூர் தமிழர்களுக்குப் பெயர்ச் சிக்கல் பழகியதுதான். ஊரில் ஓரெழுத்து இனிஷியல் போதும்; மராட்டிய வழக்கிலோ தந்தை பெயர் நடுவில் முழுதாக நிற்க வேண்டும். மணவிலக்குக்குப் பின் மறுமணம் செய்த தாய் அந்த இடத்தில் யார் பெயரை எழுதுவார்?

மகாராஷ்டிர மாநில அரசு பாதி விடை தந்திருக்கிறது. 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் தாய் பெயர் கட்டாயம், அதுவும் தந்தை பெயருக்கு முன்னால். நல்லது. அதற்கு முன் பிறந்தவர்கள்?

மறுமணம் செய்த ஆந்திரத் தாய் ஒருவரின் வழக்கில், குழந்தையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டாம் கணவரை ஆவணத்தில் ‘மாற்றாந்தந்தை’ என்று குறிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவையும் கடுமையாகச் சாடியது. ஆனால் அந்தத் தாய் கணவரை இழந்தவர். மணவிலக்கிலோ குழந்தையைப் பெற்ற தந்தை உயிரோடிருக்கிறார். அவருக்கும் உரிமை உண்டு. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமோ மாற்றாந்தந்தையை இயற்கைக் காப்பாளராக ஏற்பதே இல்லை. பள்ளிக்குக் கொண்டுவிடுபவரும் காய்ச்சலில் கண்விழிப்பவரும் அவராகவே இருந்தாலும்!

கடவுச்சீட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும், மணவிலக்குத் தீர்ப்பைக் காட்ட வேண்டாம் என்று 2016 இறுதியிலேயே வெளியுறவு அமைச்சகம் விதியைத் தளர்த்திவிட்டது. பள்ளிச் சேர்க்கைக்கும் இதே தளர்வை மாநிலக் கல்வித் துறை அறிவிக்க ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த ஜூனுக்குள் அது வரட்டும்.