நம் தொட்டிக்குள் இறங்குபவர் யார்?

எருமப்பட்டி போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி உண்டு, பள்ளிவாசலுக்கும் உண்டு. அது நிரம்பியதும் கூலி எவ்வளவு என்று கேட்கிறோம். இறங்குபவர் உயிரோடு ஏறுவாரா என்று கேட்பதில்லை.

தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் மூக்கை மரக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டதென எண்ணும்போதே மயக்கம் வரும். காப்பாற்றக் குதிப்பவரும் பலியாகிறார். முகத்தில் கட்டிய துண்டு எதையும் தடுக்காது.

பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஈராண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவுநீர்ப் பணியில் இறப்போர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது.

"அவராகத்தானே சம்மதித்தார்" என்பது வாதமன்று. அது வறுமையின் சம்மதம். ஓர் உயிரை மனிதகுலம் முழுமைக்கும் நிகராக வைத்த மாயிதா அத்தியாயத்தை (5:32) மேடைதோறும் விளக்கும் நாம், அந்த உயிரை நம் வாசலிலேயே மலிவாக்கலாமா?

கழிவுநீர் லாரியை அழைத்துவிட்டால் மட்டும் கடமை முடியாது. மக்கள் நடக்கும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதைத் தடுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். நம் வீட்டுக் கழிவு ஊர் ஓடையில் கொட்டப்பட்டால் அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் தீர்மானிக்கட்டும்: நம் தொட்டிக்குள் எந்த மனிதரும் இறங்கக் கூடாது, லாரி எங்கே கொட்டுகிறது என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பிறர் உயிரைப் பணயம் வைத்துப் பெறுவது தூய்மையாகாது.