அடங்கலில் ஏறாத நஞ்சு



நம்ம ஊர் வி.ஏ.ஓ. அடங்கல் எழுதினால் என்னென்ன எழுதுகிறார்? சர்வே நம்பர், சாகுபடி, பாசனம், வரப்பில் நிற்கிற தென்னை மரம் வரைக்கும் எழுதுகிறார். ஆனால் அதே நிலத்தில் ஐம்பது வருஷமாக எந்த மருந்தை எத்தனை கிலோ கொட்டினோம் என்று எந்தக் கணக்கிலாவது ஒரு வரி உண்டா? மோட்டார் கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிற பி.எச்.சி. டப்பாவை, பரண் மேல் தூசி படிந்து கிடக்கிற எண்டோசல்பான் பாட்டிலை, யாராவது வந்து எண்ணியது உண்டா?

கிடையாது. இந்தக் கணக்கு இல்லாததால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்.

எண்டிரின், ஆல்ட்ரின், டி.டி.டி., பி.எச்.சி., எண்டோசல்பான். இதெல்லாம் நாம் ஆசைப்பட்டுத் தேடிப் போய் வாங்கியதா? பசுமைப் புரட்சி என்று சொல்லி அதிகாரிகள் அடிக்கச் சொன்னார்கள், அடித்தோம். சொசைட்டியில் கடனோடு சேர்த்துக் கொடுத்தார்கள், வாங்கினோம். பிறகு ஒவ்வொன்றாகத் தடை வந்தது. டி.டி.டி.யை விவசாயத்துக்குப் பயன்படுத்த 1989-இல் தடை. எண்டிரினுக்கு 1990, ஆல்ட்ரினுக்கு 1996, பி.எச்.சி.க்கு 1997. தடை உத்தரவு கெஜட்டில் வந்தது. மிச்சம் கிடந்த மருந்தைத் திரும்ப எடுக்க நம்ம வாசலுக்கு யார் வந்தார்கள்?

இவை சாதாரண விஷம் அல்ல. வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் அழியாது. மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் தீவனம் வழியாக மாட்டுக்குள் போய்ப் பாலில் இறங்கும். மனுஷ உடம்பில் சேர்ந்து தாய்ப்பாலிலும் வரும். நிலைத்த கரிம மாசுகள் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். நாம் அழியா நஞ்சு என்று சொல்லுவோம்.

இவற்றை ஒழிக்க 2001-இல் உலக நாடுகள் ஸ்டாக்ஹோமில் ஒரு ஒப்பந்தம் போட்டன. 2004-இல் அது அமலுக்கு வந்தது. இந்தியா 2006-இல் சேர்ந்தது. சேர்ந்த நாடு இரண்டு வருஷத்துக்குள் தேசியச் செயல்திட்டம் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எங்கே எவ்வளவு நஞ்சு இருக்கிறது, எப்படி அப்புறப்படுத்துவது, மண்ணையும் தண்ணீரையும் மனிதரையும் எப்படிச் சோதிப்பது எல்லாம் அதில் வர வேண்டும். இந்தியாவின் திட்டம் போய்ச் சேர்ந்தது 2011-இல். சரி, தாமதமானாலும் வந்ததே! ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்தக் கணக்குக்காக உங்க ஊருக்கு யாராவது வந்தார்களா? உங்க கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போனார்களா? அப்படியே எடுத்துப் போயிருந்தாலும் முடிவை உங்களிடம் சொன்னார்களா?

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். தோட்டம் அரசுக் கழகத்துடையது. குழந்தைகள் ஊனமாகப் பிறந்தபோது, மருந்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். முதலில் ஆதாரத்தைத் தேடியது அரசு அல்ல. உள்ளூர் டாக்டரும் ஊர்க்காரர்களும் யாருக்கு என்ன நோய் என்று குறித்து வைத்தார்கள். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998-இல் கோர்ட்டுக்குப் போனார். 2011 ஏப்ரலில் ஒப்பந்த நாடுகள் எண்டோசல்பானை ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தன. மே 13-இல் சுப்ரீம் கோர்ட் இந்தியா முழுக்கத் தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2017-இல் உத்தரவு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்ன? எழுதி வைத்தவனுக்குத்தான் நியாயம் கிடைத்தது. எழுதாத ஊருக்கு எந்தக் கோர்ட்டும் நஷ்ட ஈடு தராது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். டைக்கோபால் 2019-இல் பட்டியலில் ஏறியது. கரையானுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் நாம் பல வருஷமாக அடித்த குளோர்பைரிபாஸ், சில விலக்குகளோடு 2025-இல் ஏறிவிட்டது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு மருந்துக்கும் இந்திய அரசு தனியாக ஒப்புதல் கொடுத்தால்தான் அது நம்மைக் கட்டுப்படுத்தும். 2020-இல் மத்திய மந்திரிசபை ஏழு ரசாயனங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் பெரும்பாலானவை தொழிற்சாலைச் சரக்கு. நம்ம வயல் மருந்துக்கு ஒப்புதல் வரும் நாளில் என்ன நடக்கும்? கம்பெனி சரக்கை முன்னாடியே தள்ளிவிடும். கடைக்காரர் சலுகை விலையில் நம்ம தலையில் கட்டுவார். கடைசியில் பாட்டில் நம்ம வீட்டில், பழியும் நம்ம மேல்.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: “கணக்குக் கொடுத்தால் நம்ம மேலேயே கேஸ் போட மாட்டார்களா? விளைச்சலை வாங்க மாட்டேன் என்று வியாபாரி சொல்ல மாட்டானா?” நியாயமான பயம். அதனால்தான், மருந்தை ஒப்படைக்கிற விவசாயி மேல் நடவடிக்கை இல்லை என்று அரசு முதலில் எழுத்தில் தர வேண்டும் என்கிறோம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். கணக்கு இல்லாத இன்றைக்கு மட்டும் நம்மை விட்டு வைத்திருக்கிறார்களா? காயில் நஞ்சு, பாலில் நஞ்சு என்று செய்தி வந்தால் விரல் விவசாயியைத்தான் காட்டுகிறது. தயாரித்தவனையும் சிபாரிசு செய்தவனையும் காட்டிக் கொடுக்க நம்ம கையில் ஒரு காகிதம் வேண்டாமா?

நம் கோரிக்கைகள்:

1. தேசியச் செயல்திட்டத்துக்கான கணக்கெடுப்பு கிராமத்திலிருந்து தொடங்க வேண்டும். வீடு, கடை, சொசைட்டி குடோன் எல்லாவற்றிலும் கிடக்கும் தடை மருந்தை எழுத வேண்டும்.

2. அதை இலவசமாகத் திரும்ப எடுக்க வேண்டும். செலவை மருந்துக் கம்பெனிகள் ஏற்க வேண்டும்.

3. மண், கிணறு, பால் மாதிரிகளைச் சோதித்து, முடிவைத் தமிழில் கிராம சபையில் படிக்க வேண்டும்.

4. ஒரு மருந்தைத் தடை செய்யும் முன் மாற்று வழியையும் அதற்கான மானியத்தையும் அறிவிக்க வேண்டும்.

5. பழைய ட்ரான்ஸ்பார்மர் சிலவற்றின் எண்ணெயில் பி.சி.பி. என்ற அழியா நஞ்சு இருக்கும். 2016 மத்திய அரசு உத்தரவுப்படி 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு அது புழக்கத்தில் இருக்கக் கூடாது. நம்ம வயல்களில் நிற்கும் பழைய ட்ரான்ஸ்பார்மர்களைச் சோதித்துச் சொல்ல வேண்டும்.

அரசு வரும்வரை கையைக் கட்டி உட்கார வேண்டாம். பழைய மருந்தைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், புதைக்காதீர்கள். பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள். அந்தப் புகையில் டையாக்சின் என்ற இன்னொரு அழியா நஞ்சு பிறக்கும். மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் தனியே வையுங்கள். மருந்து வாங்கினால் பில் கேளுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, மருந்து, அளவு, எந்த வயல் என்று எழுதுங்கள். தெளித்த கூலி ஆளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். முதலில் நஞ்சை முகர்ந்தவர் அவர்தான்.

வருகிற கிராம சபையில் இந்த ஐந்து கோரிக்கையையும் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். நகலை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் கூட்டத்துக்குத் திரண்டு வாருங்கள். தென்னை மரத்தை எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு நஞ்சை எண்ணவும் தெரியும். எண்ண வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

கணக்கெடு! திரும்ப எடு! முடிவைச் சொல்!