பழைய புல்லட்டுக்குப் புது ஃபோர்க் தேவையா?

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வேகத்தடையில் இறங்கினால் முன்பக்கம் ‘டக்’கென்று அடிக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு குப்புற இறங்கும். உடனே, ‘வேற வண்டி ஃபோர்க்கை மாட்டிடலாமா?’ என்று தோன்றும்.

அவசரம் வேண்டாம். 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட்டில், முன்ஃபோர்க்குக்குள் இருப்பது ஸ்பிரிங்கும் எண்ணெயும்தான். ஸ்பிரிங் பள்ளத்தைத் தாங்கும். எண்ணெய் அதன் துள்ளலை அடக்கும். ஆயில் சீல் தேய்ந்து எண்ணெய் ஒழுகினால் அடக்க ஆளில்லை. அது முன் பிரேக்கில் இறங்கிவிட்டால், பிடிக்கிற நேரத்தில் பிரேக் பிடிக்காது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்த ஆபத்து.

முதலில் குழாய் வளைந்திருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா, கோன் செட் ஆடுகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பிறகு புது சீல். கம்பெனி சொன்ன அளவில் இரு பக்கமும் சமமாக எண்ணெய். தளர்ந்திருந்தால் ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றலாம். பெரும்பாலும் இதிலேயே வண்டி திருந்திவிடும்.

வேறு ஃபோர்க் என்றால் நீளம் மாறும், ஹேண்டில் திரும்பும் விதமும் மாறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவும் குறுக்கே நிற்கும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

வேலை முடிந்ததும், முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை அழுத்தி விட வேண்டும். ஒரே தடவையில் எழுந்து நின்றால் சரி. துள்ளினால், மெக்கானிக் இன்னும் காசு வாங்கக் கூடாது!