சக்கேயு கணக்குத் தீர்த்தார்

இயேசுவின் போதனையில் சமூகநீதி இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அவர் ஆன்மாவை மீட்க வந்தவர், கூலியும் கடனும் பேச வந்தவர் அல்ல." சரி நண்பர்களே, சக்கேயுவை எடுத்துக்கொள்வோம். மறைக்கல்வி வகுப்பில் எல்லாரும் கேட்ட கதைதான். குள்ளமான ஆள், அத்தி மரம், வீட்டுக்கு விருந்தாளியாக இயேசு. பலருக்கு அந்த மரம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்!

லூக்கா 19-ஆம் அதிகாரத்தைக் கடியப்பட்டணம் கடற்கரையில் உட்கார்ந்து படித்தால் கதையே வேறு. ரோமர் ஆட்சியில் சுங்க வசூலைக் குத்தகைக்கு விடுவார்கள். எடுத்தவர் பேசிய தொகையைக் கட்டிவிடுவார்; அதற்குமேல் மக்களிடம் கறப்பதெல்லாம் லாபம். எரிகோவில் வரி தண்டுவோருக்குத் தலைவர் சக்கேயு. குத்தகை என்றால் குமரிக் கடற்கரைக்கு விளக்கம் வேண்டியதில்லை. மீன்பாட்டில் ஒரு பகுதி கோவிலுக்குப் போன காலத்தில், அதை வசூலிக்கும் உரிமையைக் கடலோரப் பங்குகள் குத்தகைக்கு விட்டதுண்டு. (பங்கு என்றால் இங்கே பங்குத்தந்தையின் பங்கும்தான், மீன் விற்ற காசில் வரும் பங்கும்தான்!)

இன்று கறப்பவர் வேறு ஆள். வலைக்கும் இஞ்சினுக்கும் முன்பணம் கொடுக்கும் வியாபாரி. கடன் தீரும்வரை மீன் அவருக்குத்தான். விலையில் அடிபடும், கமிஷன் வேறு. தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்களுக்கு முதலே கடன்தான். இந்த ஊரில் தங்கி ஆய்வு செய்த கல்பனா ராம் 1991-இல் வெளியிட்ட 'முக்குவர் பெண்கள்' என்ற ஆங்கில நூலில் பெண்களின் உழைப்பும் கொடுக்கல் வாங்கலும் விரிவாக வருகின்றன.

சக்கேயு என்ன செய்தார்? சொத்தில் பாதி ஏழைகளுக்கு. அது தர்மம். ஏமாற்றி வாங்கியது நான்கு மடங்காகத் திரும்பும் என்றார். அது தர்மமே இல்லை, கணக்குத் தீர்ப்பது. இதைக் கேட்ட பிறகுதான் இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார் இயேசு. ஆன்மாவும் கடன் நோட்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன.

"ஏழைகள் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்று அவரே சொன்னாரே?" சொன்னார். அது இணைச்சட்டம் 15-ஆம் அதிகாரத்தின் எதிரொலி. அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கடனைத் தள்ளுபடி செய் என்ற கட்டளையோடு!

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள், 1980-இல் உருவான சிஃப்ஸ் என்ற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைப் பார்க்கலாம். கேரளத்திலும் குமரியிலும் அதன் சங்கங்கள் மீனவருக்காக மீனை ஏலம் விட்டன. கடன் தவணையையும் சேமிப்பையும் பிடித்துக்கொண்டு மீதியை அவர் கையில் கொடுத்தன. வியாபாரியின் பிடி தளர்ந்தது. என்னைப் பொறுத்தவரை லூக்கா 19-க்கு இதைவிட நல்ல மறையுரை இல்லை. ஆனால் கோவிலில் இன்னும் அத்தி மரத்தைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்?